சிங்கப்பூரைப் பார்த்து ஒரு ஏரியல்

பதினாறடிப் பச்சை மூங்கில் இரண்டு எங்கள் வாசலில் கிடந்த அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. அண்ணன் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, நடுவே குறுக்குக் கட்டைகள் வைத்துக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் தங்கை நான், செப்புக் கம்பியைப் பிரித்துக் கொடுத்தேன். மூங்கில் நெடுக அதை இழுத்துக் கட்டினால் ஏரியல் தயார். சாதாரண ஏரியல் சத்தத்தை நாலாபக்கமும் இறைக்கும். இது ஒரே திக்கில், சிங்கப்பூர்ப் பக்கமாக அனுப்பும் என்றார் அண்ணன்.

அவருக்கு உத்திரமேரூர் தபாலாபீசில் தந்தி வேலை. பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் பேசச் சர்க்கார் லைசென்ஸும் வாங்கியிருந்தார். காஞ்சிபுரத்தில் கூட வேலை பார்த்த சிநேகிதர் சிங்கப்பூர் போய் அங்கேயும் அதே பைத்தியமாக இருந்தார். அவர் வயர்லெஸ்ஸில் தந்தி மாதிரி தட்டுவது இங்கே கேட்கும். அண்ணன் கையால் செய்த சின்ன மெஷினின் சத்தம் அங்கே போய்ச் சேராது. மறுநாள் காலை அவர் கூப்பிடுவதாக ஏற்பாடு. ஒரே ஒரு தடவை பதில் சொல்லிவிட வேண்டும், அண்ணன் கேட்டது அவ்வளவுதான்.

எதிர் வீடு நெல் மண்டிக்காரருடையது. அவர் மண்டியில்தான் எங்கள் அப்பா, நைனா, மூட்டை நிறுத்துப் பிழைத்தார். மண்டிக்காரரின் அப்பா அப்போது இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தார். தந்தி என்றாலே சாவுச் சேதி என்று ஊர் நடுங்கிய காலம். அந்தத் தந்திக்காரனே எதிர்வாசலில் உட்கார்ந்து பாடை கட்டுகிறான் என்று எவனோ போய்ச் சொல்லிவிட்டான். பார்க்க அப்படித்தான் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அதற்காக, பாடைக்கு எவனாவது செப்புக் கம்பி கட்டுவானா? கண் இருந்தால் தெரியாதா?

மண்டிக்காரர் கத்தவில்லை. அண்ணனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நைனாவிடம் மட்டும் சொன்னார்: "உம்புள்ள எங்கப்பனுக்குப் பாடை கட்டிக்கினு கீறான். நீ பாத்துக்கினு கீற."

அண்ணன் கம்பியைக் காட்டி விளக்கப் போனார். யார் காதில் விழுந்தது? நைனா உள்ளே போய்க் கொடுவாளோடு வந்தார். கயிற்றை அவிழ்த்திருந்தால் போதும். தூக்கிப் பின்பக்கம் போட்டிருந்தால் போதும். எதிர் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஓங்கி ஓங்கி வெட்டினார். பிறகு தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அந்தக் கிழவர் ஒன்றும் சாகவில்லை. தேறி எழுந்து எங்கள் வாசல் வழியாகத்தான் ஏரிக்கரைக்கு நடந்தார்.

ஞாயிறு காலை அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பழைய ஏரியல் கம்பியிலேயே திரும்பத் திரும்பப் பதில் தட்டினார். போய்ச் சேரவில்லை. சிங்கப்பூர்க்காரர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நைனா கதவருகே வந்து நின்று, அவன் இன்னா சொல்றான் என்று கேட்டார்.

"என்னைத்தான் கூப்டுறான், நைனா. கீறியா, கீறியான்னு கேக்கறான்."

நைனா சட்டையை மாட்டிக்கொண்டு மண்டிக்குக் கிளம்பினார். அவர் செத்து இத்தனை வருஷமாகியும் நான் அவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன்.