அடுப்போரம் காய்ந்த செருப்பு

பச்சைத் தேயிலை விலை விழுந்ததும் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் நாலைந்து பேர் ஆளுக்கொரு சரிவில் தனியாகக் கொழுந்து பறிக்கிறோம்.

போகும்போது பக்கத்து வீட்டுச் செல்வி தன் வார் வைத்த ஸ்போர்ட்ஸ் செருப்பை எனக்குத் தந்தாள். என் பழைய ரப்பர் செருப்பு குதிகாலைக் கடித்தாலும் மூன்று வருடம் உழைத்தது. இதுவோ மெத்தை! மழையில் நனைந்ததைத் தினமும் அடுப்போரம் வைத்துக் காயவைத்தேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. சரிவில் இறங்கும்போது செருப்பின் அடிப்பாகம் கழன்று, சறுக்கிப்போய்த் தேயிலைத் தூரைப் பிடித்துத் தொங்கினேன். கீழே பாறை. கத்தினேன். முன்பென்றால் அடுத்த நிரையிலிருந்து பத்துப் பேர் ஓடி வந்திருப்பார்கள். அன்று பனிமூட்டம் மட்டும்தான். தவழ்ந்தே மேலேறினேன்.

நடந்ததையெல்லாம் போனில் சொன்னதும் செல்வி, "அடுப்புகிட்டயா வெச்சீங்க? பசை இளகிப்போகுமுங்கக்கா!" என்று திட்டிவிட்டு அழுதாள்.

இப்போது தையல் போட்ட, கடிக்கிற அந்தப் பழைய ரப்பர் செருப்புதான். காற்றில்தான் காயவைக்கிறேன். கிளம்பும்முன் எந்தச் சரிவுக்குப் போகிறேன் என்று செல்விக்குப் போனில் சொல்கிறேன். திருப்பூரிலிருந்து அவளால் ஓடிவர முடியாதுதான். ஆனால் சாயங்காலம், "ஊடு வந்துட்டீங்களாக்கா?" என்று கேட்க அவளை விட்டால் எனக்கு வேறு யாருமில்லை.