நுனிக்காலில் நின்ற பொம்மை

சுகாதாரத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஆஸ்பத்திரிகளின் நெறிமுறைக் குழுக்களில் என்னை உட்கார வைத்தார்கள். மரபணுச் சோதனைக்கு யார் அனுமதி, யார் சம்மதம், எத்தனை பிரதி, எல்லாம் எனக்கு அத்துபடி. செய்யலாமா என்ற கேள்வி மட்டும் எந்தக் கூட்டத்திலும் வந்ததில்லை. முந்திரி பக்கோடா தவறாமல் வந்தது.

கேள்வி கடைசியில் மயிலாப்பூரில் என் வீட்டுக்கே வந்தது. என் மகன் தசைநோயால் சிறுவயதிலேயே போய்விட்டான். குடும்பத்தில் வரும் நோய். சிற்பம் செய்யும் என் மகளுடைய கருக்கள் தி.நகர் மருத்துவமனையில் உறைநிலையில் இருந்தன. ஒன்று நல்லது என்றார்கள். மற்றவற்றில் தம்பியின் நோய். அவற்றை அழிக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அந்த நவராத்திரிக்குச் சுடாத களிமண்ணில் சிறுவன் பொம்மைகள் செய்து கொலுவின் கீழ்ப்படியில் நிறுத்தினாள். எல்லாம் ஒரே முகம். ஒன்று மட்டும் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நின்றது. தம்பி அப்படித்தான் நடப்பான். வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணிக்குப் பதிலாக, வருகிறவர்கள் பிடித்த பொம்மையை எடுத்துக்கொள்ளலாம்.

"ஒருத்தராவது அவன எடுத்துண்டு போனா, நான் எதையும் அழிக்கச் சொல்ல மாட்டேன்ப்பா."

நான் இருந்த எந்தக் குழுவிலும் இவ்வளவு தெளிவான விதிமுறை இருந்ததில்லை.

வந்தவர்கள் மாட வீதியில் கத்திரிக்காய் பொறுக்குவதுபோல் பொறுக்கினார்கள். "இதுக்கு மூக்கு எடுப்பா இருக்கோல்லியோ?" ஒரே அச்சில் எடுத்த மூக்குகள். நுனிக்காலில் நின்றவனை யாரும் தொடவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் அவன் இடம் காலியாக இருந்தது. மகள் முகத்தில் வெகுநாள் கழித்துச் சிரிப்பு. "யாரு மாமி எடுத்துண்டா?"

சுண்டல் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மாடிவீட்டு மாமி, உபகாரமே உருவானவர், குரலைத் தாழ்த்தினார். "கால் ரெண்டும் மூளியா இருந்துதுடி. மூளிய கொலுல வெக்கப்படாது. நாலு பேர் வந்து போற எடம். உனக்கேன் சிரமம்னு நானே பக்கெட் தண்ணில போட்டுட்டேன். கரைஞ்சிருக்கும், செடிக்கு ஊத்திடு."

"சரி மாமி" என்றாள் மகள்.

அடுத்த வாரம் தி.நகருக்குப் போனோம். மற்ற கருக்களை அழிக்கச் சம்மதக் கையெழுத்து வாங்குமுன், முறைப்படி முதலில் ஆலோசனை. ஏதாவது சந்தேகம் உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றாள். மாப்பிள்ளையும் இல்லை என்றார். நடைமுறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பக்கெட் இன்னும் குளியலறையில் இருக்கிறது. மண் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது.