சொர்ணவல்லியின் முக எண்ணெய்

முந்திரிக்கொட்டையின் பால் தெறித்து முகம் வெந்துபோய் வருகிறவர்கள் கந்தர்வக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் புதிதல்ல. அதனால் மோகனப்ரியா சொன்ன பொய்யை டாக்டர் உடனே நம்பிவிட்டார்.

“கொட்டை உடைக்கையில பால் பட்டுருச்சு டாக்டர்.”

இரண்டு கன்னமும் கொப்புளம். பக்கத்தில் நின்ற அண்ணி சொர்ணவல்லிக்குத் தெரியும், அவள் இந்த வருசம் ஒரு கொட்டைகூட உடைக்கவில்லை.

புருஷன் போன பிறகு குளியல் பொடி அரைத்து விற்றுத்தான் சொர்ணவல்லி பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாள். ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, கார்போகரிசி விதை. தேய்ப்பார்கள், கழுவிவிடுவார்கள், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. கழுவிவிடுகிற பொடியே இத்தனை மினுக்குக் கொடுக்கிறதென்றால், கார்போகரிசியின் சத்தை எண்ணெயில் இறக்கி முகத்திலேயே தங்கவிட்டால்? அந்த ஆசைதான் வினையாகிப் போனது. பொடித்து, ஊறவைத்து, வெந்நீரில் பாத்திரத்தை வைத்துச் சூடாக்கி வடிகட்டினாள். முதல் பாட்டில் நாத்தனாருக்கு.

“என்ன அண்ணி, என்னய வச்சு சோதனையா? மூஞ்சி போனா ஒங்க மூஞ்சியக் கழட்டிக் குடுப்பீங்களா?”

“போடி. எல்லாம் எலை, வெதைதான், என்ன பண்ணிரும்? காலையில தடவிட்டுப் போ, நாள் பூரா மினுங்கும்.”

தடவிக்கொண்டு முந்திரித் தோப்பில் நாளெல்லாம் வெயிலில் கொட்டை பொறுக்கினாள் மோகனப்ரியா. மறுநாள் எரிச்சல். அதற்கடுத்த நாள் இந்த முகம்.

“களிம்பு எழுதித் தாரேன். வேற எதுவும் தடவலையே?” என்றார் டாக்டர்.

மோகனப்ரியா அண்ணியின் கையை இறுக்கினாள். பேசாதீங்க என்று அர்த்தம். பாவிப் பெண்! வெந்த முகத்தோடு அண்ணியின் பிழைப்பைக் காப்பாற்றுகிறாள். பேசாமலிருந்தால் ஊருக்குள் பேர் நிலைக்கும். ஆனால் மற்றவர்களுக்குக் கொடுத்த பாட்டில்கள்?

சொர்ணவல்லி கையை உதறினாள். “பொய் சொல்றா டாக்டர். நான் காய்ச்சுன எண்ணெய். கார்போகரிசி.”

டாக்டர் பேனாவை வைத்தார். “அதத் தடவிட்டு வெயில்ல போனா தோல் வெந்துரும்மா. வேற யாருக்கும் குடுத்திருக்கீங்களா?”

அவள் வெளியே ஓடி போனை எடுத்தாள். “அந்த எண்ணெயத் தடவிட்டு வெயில்ல போனியா?” பேங்க்கில் வேலை பார்க்கும் ஷர்லி சிரித்தாள். “நான் ஏசியில இருக்கேன்க்கா. ராத்திரிக்குத்தான் தடவணும்னு வச்சிருக்கேன்.”

“தடவாத. கொட்டிரு.”

அடுத்தது சின்னாத்தா பிச்சையம்மாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள். பின்னால் மண்வெட்டிச் சத்தம்.

“சின்னாத்தா, அந்த எண்ணெய்…”

“காலையிலயே தடவிட்டேன்டி. கெழவிக்கு மினுக்கப் பாருன்னு இவளுக பூரா கேலி பண்றாளுக.”

“ஒடனே மூஞ்சியக் கழுவுங்க. நெழலுக்குப் போங்க சின்னாத்தா!”

“நூறு நாள் வேலையில நிக்கிறேன். வறண்ட கம்மாய்க்குள்ள எங்கடி நெழலு?” என்றாள் பிச்சையம்மாள். பிறகு குரல் இறங்கியது. “ஏன்டி அழுவுற?”