ஒரு கைக்கு ஒரு வரி

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு ஒரு மிதப்பு வந்துவிடுகிறது. முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி, ஜன்னலில் மத்தியான வெயில், வெயிலில் அலையும் பஞ்சுத் தூசி. அந்த வெளிச்சத்தில் எல்லோருமே தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பது போலத் தெரிவோம். நான் ஓவர்லாக் மெஷினில் பனியனுக்குக் கை மூட்டுவேன். எதிரே செக்கிங் மேஜையில் அம்மா நிற்பாள். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள்.

வாலிபர் முகாமில் யாரோ கொடுத்த சிடியில்தான் முதன்முதலாக ராப் கேட்டேன். இங்கிலீஷ் ஒரு எழுத்தும் புரியவில்லை. ஒருவன் ராகம் இழுக்காமல், கடகடவென்று பேசியே கடவுளைத் துதிக்கிறான் என்பது மட்டும் புரிந்தது. எனக்குப் பாட வராது, பேச நன்றாக வரும். இது போதுமே என்று மெஷின் சத்தத்தையே தாளமாக வைத்து ஆரம்பித்துவிட்டேன். ஒரு கை மூட்டி முடிவதற்குள் ஒரு வரி. அடுத்த துணியை எடுத்துப் பொருத்தும்போது ஒரு மூச்சு. பிறகு அடுத்த வரி.

முதலாளி ஒருநாள் பக்கத்தில் நின்று கேட்டார். "ஏனுங்க தம்பி, என்னமோ ஓதிட்டே தைக்கறீங்க. பீஸ் வந்தாச் சரிங்க" என்று போய்விட்டார். அம்மா அப்படி விடவில்லை.

"பஸ் கண்டக்டர் ஊர்ப்பேர் சொல்லுத மாதிரி இருக்குல. இதுல ஜெபம் எங்க இருக்கு?"

சுருக்கென்றது. ஊரே கைதட்டினாலும் எனக்குப் போதாது, அம்மா ஒருத்தி இதை ஜெபம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆசையிலேயே தைத்துக்கொண்டும் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

எங்கள் சபையில் யாருக்கும் வயல் கிடையாது. அதனால் அறுப்புப் பண்டிகைக்கு வாழைத்தாரும் பூசணியும் வைக்கிற இடத்தில் பனியன் கட்டுகளை அடுக்குவோம். அந்த வருடம் என்னை ஒரு பாட்டுச் சொல்ல பாஸ்டர் ஐயா அனுமதித்தார். அதற்கு இசை போடக் கோயம்புத்தூரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். வரிக்கு வரி ஏன் நிற்கிறீர்கள் என்று ஒலிப்பதிவு செய்தவர் கேட்டார். நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. இடைவெளி எதுவும் இல்லாமல் இசையை ஒரே ஓட்டமாக ஓடவிட்டுக் கொடுத்தார். அசல் வெளிநாட்டு சிடி மாதிரியே இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது என் கால் தரையில் இல்லை.

பண்டிகையன்று இசை ஓட, மைக்கைப் பிடித்தேன். முதல் வரி முடிந்ததும் என் கை தானாக அடுத்த துணியைத் தேடியது. அதற்குள் இசை போய்விட்டது. துரத்திப் பிடித்தேன், மறுபடியும் விட்டேன். வாலிபர் வரிசையில் சிரிப்பு. வெட்கம் பிடுங்கித் தின்றது. இசையை நிறுத்தும்படி கைகாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதாக நினைத்து முதலிலிருந்து சொன்னேன். வரி முடிந்தது. துணி மாற்றும் அந்த நேரத்துக்குள், பெண்கள் பக்கமிருந்து ஒரே ஒரு குரல் "ஆமென்" என்றது.

அம்மாவின் குரல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை, இடத்துக்குச் சரியாக விழுந்தது. அடுத்த வரிக்கு நாலைந்து பேர் சேர்ந்தார்கள், அதற்கடுத்து சபை முழுவதும். பாதிப்பேர் ஓவர்லாக்கில் வேலை பார்ப்பவர்கள். நான் எங்கே நிற்பேன் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு உடுமலைப்பேட்டை, கோயம்புத்தூர், மெட்ராஸ் என்று மேடைகள் வந்தன. சொந்தமாக சிடி போட்டேன், மெஷினை விட்டேன். ஆனாலும் வரிக்கு வரி நிற்கிறேன். சில ஊர்களில் அந்த இடத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. வரியை மறந்துவிட்டேனோ என்று என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

அந்த அறுப்புப் பண்டிகையன்று ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மா கேட்டாள்.

"எனக்குன்னுதானல அந்த எடத்த விட்டு வச்ச?"

ஆமாம்மா என்றேன். கோயில் வாசலிலேயே பொய். அதன்பிறகு எழுதிய ஒவ்வொரு பாட்டிலும் அதை உண்மையாக்கிக்கொண்டிருக்கிறேன்.