நாற்பத்தோராவது நிமிடம்

"நிறுத்தினது நீதானே?"

"ஆமா சார்."

"இன்னும் பத்தொன்பதே நிமிஷம். பொறுக்க முடியலையா?"

"உள்ள ஆள் இருந்தாங்க சார்."

மேனேஜர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நானாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. நேரங்களையும் சோதனைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் செய்வது கணினிக்கான புதிய பிராசசர். விரல் நகம் அளவு சிப். தேதி அறிவிப்பதும் தள்ளிப்போடுவதுமாக மூன்று வருடம் போய்விட்டது. "உங்க சிப்பு வருதோ இல்லையோக்கா, தேதி மட்டும் டாண்ணு வந்துடுது" என்று என் தம்பி கிண்டல் செய்வான். மூன்று முறையும் கடைசிச் சோதனையில்தான் கவிழ்ந்தது. சிப்புகளை வெப்ப அறைக்குள் அடுக்கி, நூற்றிருபத்தைந்து டிகிரியில் ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். நாற்பத்தோராவது நிமிடத்தில் சோதனை நின்றுவிடும். 'சிப் கோளாறு' என்று பதிவேட்டில் இருக்கும். வடிவமைப்பை மாற்றுவார்கள். இன்னொரு வருடம்.

நான் இந்தப் பிரிவுக்கு வந்து இரண்டு மாதம்தான். நான்காவது சோதனை என் கையில். இதுவும் தோற்றால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். பன்னிரண்டு பேருக்கு வேலை போகும். என் கணவருக்கு வேலை போய் ஏற்கெனவே நான்கு மாதம்.

வெப்ப அறை, ஆள் உள்ளே நடமாடும் அளவு பெரியது. அதனால் எங்களிடம் ஒரு வழக்கம். சாத்துமுன் ஒருவர் "உள்ள யாரு?" என்று குரல் கொடுக்க, உள்ளே பார்த்துவிட்டு வருபவர் "காலி" என்று சொல்ல வேண்டும். காலி சொல்வது என் கூட்டாளி; தடித்த கண்ணாடிக்காக நாங்கள் சோடாபுட்டி என்று கூப்பிடுபவர். அன்று அவர் மகளுக்குக் காய்ச்சல், பாதியில் கிளம்பிவிட்டார். நானே உள்ளே போய்ப் பார்த்தேன். ஆளில்லை. வெளியே வந்தேன். பழக்கதோஷம், குரல் கொடுத்தேன்.

"உள்ள யாரு?"

"ஒரு நிமிஷம்... வந்துட்டேன்."

பெண் குரல். சமையலறையிலிருந்து பதில் சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாக.

மறுபடி போய்ப் பார்த்தேன். அடுக்குகள். ஒயர்கள். யாருமில்லை. பக்கத்து அறைப் பேச்சாக இருக்கும் என்று தேற்றிக்கொண்டு சாத்தினேன்.

மதியம் 2:05. தொடங்கினேன்.

மேசையில் பாதி படித்த நாவல். அதில் யாருமில்லாத ஒரு துறைமுகத்தில் பனி பெய்துகொண்டிருந்தது. அந்தப் பனிக்குள் போய்விட்டேன்.

2:31. திரையைப் பார்த்தேன். வெப்ப அறைச் சுவரில் வரிசையாக எட்டு வெப்பமானிகள். முதலாவது கதவருகே; எட்டாவது கடைசி மூலையில். ஏழும் 125 காட்டின. எட்டாவது... 37.

நம் உடம்பின் சூடு.

கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

2:36. எட்டாவது சரியாகிவிட்டது. ஆறாவது... 37.

2:41. மூன்றாவது.

மெதுவாக... கதவை நோக்கி...

சிப்புகள் அத்தனையும் ஓடின. ஒன்றுகூடத் தடுமாறவில்லை.

2:45. முதலாவது.

2:46.

டொக்.

டொக்... டொக்.

உள்ளிருந்து.

பன்னிரண்டு பேர். வீட்டில் அவர். எல்லாம் நினைவிருந்தது. ஆனாலும் கை நிறுத்தும் பட்டனை அழுத்திவிட்டது.

திறந்தேன்.

அனல்.

யாருமில்லை.

இவ்வளவையும் மேனேஜர் குறுக்கிடாமல் கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"முன்னாடி மூணு பேரும் இதையேதான் சொன்னாங்க."

"எந்த மூணு பேர் சார்?"

"உனக்கு முன்னாடி அந்த மேசையில இருந்தவங்க. சிப்பு ஒரு தடவகூட தானா நிக்கலம்மா. அவங்கதான் நிறுத்தினாங்க. மேலிடத்துல போய் என்னன்னு சொல்றது? சிப் கோளாறுன்னு நான்தான் எழுதினேன்."

மூன்று வருடம்... இல்லாத கோளாறுக்காக மாற்றி மாற்றிச் செய்த சிப்.

"அந்த மூணு பேரும் இப்ப எங்க சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்குத்தான் திட்டத்த மூடறதான்னு மேலிடத்துக் கூட்டம். அதுக்குள்ள இன்னொரு தடவ ஓட்டிடலாம்." குரல் தாழ்ந்தது. என்னைவிட இருபது வயது மூத்தவர், கெஞ்சினார். "தட்டினா தட்டட்டும்... நீ மட்டும் நிறுத்திடாதம்மா."