விரல் சொன்ன ஓகே

கார்களுக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைச் செய்கிற கம்பெனியில் நான் கடைசி மேசைக்காரி. என் கைக்கு வரும் கட்டில் எல்லா கிளிப்பும் இருக்கிறதா, டேப் பிரியாமல் இருக்கிறதா என்று பார்த்து, என் மேசையின் ரப்பர் சீலைக் குத்திப் பெட்டியில் போட வேண்டும். பார்ப்பதற்கென்று ஒரு முறை உண்டு. ஒவ்வொரு கிளிப்பையும் ஆள்காட்டி விரலால் சுட்டி, வாய்விட்டு "ஓகே" சொல்ல வேண்டும். ஜப்பான்காரர்களின் பழக்கம் என்று பயிற்சியில் சொன்னார்கள். கண்ணும் விரலும் வாயும் ஒரே இடத்தில் இருந்தால் மனசு எங்கேயும் ஓடாதாம்.

எனக்கு அது பிடித்துப்போனது. எனக்கு எதுவும் பிடித்தால் கொஞ்சமாகப் பிடிக்காது. வீட்டில் கதவைப் பூட்டினாலும் ஓகே, மோட்டாரை நிறுத்தினாலும் ஓகே. "இன்னாடி, செவுத்தோட பேசிக்கினு கீற?" என்று அம்மா கேட்டாள். கம்பெனியில் புதிதாக வருகிறவர்களுக்கு இந்த முறையை நானே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன், யாரும் கேட்காமலேயே. அதைப் பார்த்துத்தான் லைன் லீடர், என்னை டிரெய்னர் ஆக்கலாமா என்று மேலே கேட்டிருப்பதாகச் சொன்னார். நான் கான்ட்ராக்டில் இருப்பவள். டிரெய்னர் ஆகிவிட்டால் கான்ட்ராக்ட் முடிந்தாலும் அனுப்ப மாட்டார்கள். பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு வேனில் போய் வருகிற எனக்கு, இந்தப் பக்கத்தில் அதைவிட நல்ல சேதி வேறு இல்லை.

அந்த வாரமே இரண்டு கட்டுகள் திரும்பி வந்தன. இரண்டிலும் ஒரு கிளிப் இல்லை. இரண்டிலும் என் சீல்.

லைன் லீடர் திட்டவில்லை. இரண்டையும் என் மேசை ஓரத்தில் தொங்கவிட்டார். "இன்னொண்ணு வந்தா டேபிள மாத்திடுவேன். டிரெய்னர் பேச்ச நானே வாபஸ் வாங்கிப்பேன். சொல்லிட்டேன்."

நான் நம்பவில்லை. ஒவ்வொரு கட்டிலும் விரல் வைத்து ஓகே சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொல்லாமல் சீல் குத்தினதே கிடையாது. அப்படியென்றால், சீல் குத்தின பிறகு யாரோ கிளிப்பைக் கழற்றியிருக்க வேண்டும்.

யாரோ என்ன யாரோ. எனக்கு முந்தின மேசையில், என் பெட்டிக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்பவள் பழையசீவரத்துக்காரி. நான் எங்கள் ஊரான பெருநகரில் ஏறி உத்திரமேரூர் தாண்டி வரும் அதே வேனில், பாலாற்றுப் பாலம் கடந்ததும் அவள் ஏறுவாள். எனக்கு ஒரு மாதம் முன்பு சேர்ந்தவள். டிரெய்னர் வேலைக்கு அவள் பேரும் அடிபட்டது. கணக்கு நேராக இருந்தது. எனக்கு இயற்பியலில்கூட இவ்வளவு சுத்தமாக விடை வந்ததில்லை.

அவள் கையைக் கவனிக்க ஆரம்பித்தேன். கட்டை நகர்த்தும்போது இடது கை எங்கே போகிறது, ஏப்ரன் பையில் என்ன இருக்கிறது. அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவள் டிரேயைக் கிளறிப் பார்த்தேன். அதில் இருக்க வேண்டிய கிளிப்புகள்தான் இருந்தன. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் வேனில் வேண்டுமென்றே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா மேடம், நாலு நாளா என் கையவே பாத்துக்கினு கீற. மோதிரம் புடிச்சிருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஒயரப் பாரு. நான் ஒரு தபா கூப்ட்டா உனுக்கு கேக்கறதில்ல, ரெண்டு தபா கூப்ட்டாலும் கேக்கறதில்ல. இதுல என்னிய வேவு பாக்கறியாம்."

நன்றாகச் சமாளிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவள் சொன்ன ஒன்று உறுத்தியது. கூப்பிட்டால் கேட்பதில்லை என்று அம்மாவும் சொல்லிக்கொண்டிருந்தாள். போட்டித் தேர்வுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படித்து முடித்து, என்ன படித்தோம் என்று பார்த்தால் ஒன்றும் இருக்காது. மறுபடி மேலே போவேன். ஏரிக்கரை வழியாக ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பேன், வழியில் என்ன பார்த்தேன் என்று தெரியாது.

அடுத்து போனைச் சந்தேகப்பட்டேன். கவனம் ஏன் நிற்பதில்லை என்று வீடியோக்கள் பார்த்தேன். ஒரு பெண் மூச்சுவிடாமல் அறிகுறிகளைச் சொன்னாள். சாவியைத் தொலைப்பீர்களா, ஆமாம். பேச்சில் குறுக்கே பாய்வீர்களா, ஆமாம். இது பிறவியிலேயே இருக்கும் கவனக் குறைபாடு என்றாள். என் ஜாதகத்தையே படித்த மாதிரி இருந்தது. அடுத்த வீடியோ, அதற்கடுத்தது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கவனக் குறைபாட்டைப் பற்றிய வீடியோக்களைக் கண் இமைக்காமல் பார்த்தேன். இதை மட்டும் எப்படி இவ்வளவு கவனமாகப் பார்க்க முடிகிறது என்ற சந்தேகம் மாலையில்தான் வந்தது. பிறகு ஆப்களை அழித்தேன். வல்லாரைத் துவையல் அரைத்தேன். எதுவும் ஒரு வாரம் தாண்டவில்லை.

இதற்கு நடுவில் அரிசி தின்னும் பழக்கம் வேறு. அரிசி மூட்டையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு பிடி. வேனில் மெல்லுவதற்குச் சட்டைப் பையில் கொஞ்சம். "உன் கல்யாணத்தன்னிக்கு மழ ஊத்தி பந்தலே மெதக்கப்போவுது" என்பாள் அம்மா. எங்கள் பக்கத்தில் பச்சரிசி தின்கிற பெண்ணை எல்லோரும் இப்படித்தான் கிண்டல் செய்வார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

பிறகு அடுப்பு.

காலை நேரம். பால் காய்ச்சி இறக்கிவிட்டுக் கொடியில் துணி போட வெளியே வந்தேன். அம்மா கழனியிலிருந்து வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "கேஸ் நாத்தம் வருதுடி." ஓடிப்போய்த் திருகை மூடினாள். தீ அணைந்திருந்தது, திருகு பாதி திறந்தே இருந்தது. பக்கத்தில் சாமி விளக்கு எரியாததற்குக் காரணம், அன்றைக்கு எண்ணெய் தீர்ந்துபோயிருந்ததுதான்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு, விரலால் சுட்டி, ஓகே சொல்லியிருந்தேன். அது எனக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது. திருகு எந்தப் பக்கம் இருந்தது என்று யோசித்தேன். அது ஞாபகமே இல்லை. விரல்தான் ஞாபகம் இருந்தது. விரலும் வாயும் பழகின வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கின்றன, கண் அவற்றோடு போகவில்லை.

எங்கள் சமையல்கட்டில் பழையசீவரத்துக்காரி இல்லை.

அம்மா ஜன்னலைத் திறந்துவைத்து என்னை வெளியே உட்காரவைத்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"எவனா கீறானா?"

"இன்னாது?"

"இருந்தா சொல்லிடு. அடிக்கமாட்டேன். நைனாகிட்ட நான் பக்குவமா பேசிக்கறேன்."

"யாரும் இல்லம்மா."

"அப்ப கண்ணு பட்டுக்கீது." உப்பும் மிளகாயும் எடுக்க உள்ளே போனவள் திரும்பி வந்தாள். "இல்லன்னு சொல்றியே, மெய்யாலுமே இல்லியா?"

சுற்றிப் போட்டதும் கார நெடியில் எல்லோரும் இருமினோம். நான் உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்குக் கிளம்பினேன். அம்மாவும் பின்னாலேயே பஸ் ஏறினாள். நான் தனியாக எங்கே போகிறேன் என்று பார்க்கத்தான் வருகிறாள் என்பது எனக்குத் தெரியும்.

மருத்துவர் என்னைவிடச் சில வயது மூத்தவராக இருந்தால் அதிகம். நான் உட்கார்ந்ததுமே, எனக்குப் பிறவிக் கவனக் குறைபாடு இருக்கிறது, அதற்கு மாத்திரை வேண்டும் என்றேன்.

"யார் சொன்னது?"

"வீடியோல பாத்தேன்."

அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. கேள்விகள் கேட்டார். எத்தனை நாளாக இப்படி? பள்ளியில் எப்படி இருந்தாய்? பள்ளியில் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன், ஆனால் மார்க் வாங்குவேன் என்றேன். கிளிப், ஸ்கூட்டி, அடுப்பு என்று இந்த அளவுக்கு மறதி சில மாதமாகத்தான் என்றேன். தூக்கம் எப்படி? ஷிஃப்ட் மாறுமா? மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா? காரணமில்லாமல் அழுகை வருகிறதா? உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு அம்மா என் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்றேன். எதற்கு இதெல்லாம், பேச்சை எங்கேயோ திருப்புகிறார் என்று பட்டது.

"அரிசி, சாக்பீஸ், மண்ணு, இப்படி எதையாவது மெல்லணும்னு தோணுதா?"

நான் அம்மா பக்கம் திரும்பினேன். "நீ சொன்னியா?"

"நான் எங்கடி வாயத் தொறந்தேன்? பஸ்ல கூட மென்னுக்கினு தான வந்த."

மருத்துவர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். இருக்க வேண்டிய அளவுக்கு வெகு கீழே இருந்தது ரத்தம். இரும்புச்சத்து இவ்வளவு குறைந்தால் உடம்பு ஓயும், கவனம் நிற்காது, அரிசி மாதிரி எதையாவது மெல்லத் தோன்றும் என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்.

"எல்லாப் பொண்ணுங்களுக்கும் இதே மாத்திரதான மேடம் குடுக்கறீங்க" என்றேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"நிறைய பொண்ணுங்களுக்கு இதே குறைதான் இருக்கு. டீயோட போடாதே, எலுமிச்சை ஜூஸோட போடு. மூணு மாசமாவது விடாம போடணும். நீ சொன்ன அந்தக் குறைபாடு உனக்கு இல்லன்னு நான் சொல்லல. உடம்பு தேறட்டும். அப்பவும் சின்ன வயசுலேர்ந்து இருக்கிற அலைச்சல் வேலையக் கெடுத்துச்சுன்னா, காஞ்சிபுரத்துல மனநல டாக்டர் பாப்பாங்க, எழுதித் தரேன். அதுவரைக்கும் ஸ்கூட்டி வேணாம், அடுப்பை வேற யாராவது மூடட்டும். திடீர்னு பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியலன்னாலோ, உயிரை விட்டுடலாம்னு தோணினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. அடுப்பு வரைக்கும் விட்டிருக்கவே கூடாது நீ. வேலை கெட ஆரம்பிச்சப்பவே வந்திருக்கணும்."

வேலை இன்னும் கெட்டுக்கொண்டுதான் இருந்தது. மூன்றாவது கட்டு எந்த நாளும் திரும்பி வரலாம். வந்துவிட்டால் டிரெய்னர் பேச்சு முடிந்தது. நானே போய் மேசையை மாற்றச் சொன்னாலும் கிட்டத்தட்ட அதே கதிதான். வேன் பாலாற்றைத் தாண்டும் வரை யோசித்தேன். கிளிப் இல்லாத ஒயர் எந்த வண்டிக்குள் உரசிக்கொண்டிருக்குமோ என்ற நினைப்பும் வந்தது.

பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லி லைன் லீடரிடம் கேட்டேன். அவர் கண்ணைச் சுருக்கினார்.

"நீயா வந்து பேக்கிங் கேக்கறியா? வேற கம்பெனில எதுனா ஆஃபர் வந்துக்கீதா?"

"இல்ல சார். உடம்பு சரியில்ல. ரத்தம் கம்மி. கண்ணு நிக்கல."

நம்பினாரா தெரியாது. பேக்கிங்குக்கு மாற்றினார். என் மேசைக்குப் பழையசீவரத்துக்காரி வந்தாள். போகும்போது என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எதுனா குழி வெட்டி வெச்சிட்டுப் போறியா? இருந்தா இப்பவே சொல்லிடு, தாண்டிக்கறேன்."

"உன் கையப் பாத்தது தப்பு."

"தப்புதான். மோதிரம் கவரிங்." ரப்பர் சீலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

மாத்திரை வயிற்றைப் புரட்டியது. சில வாரங்களில் மாடி ஏறுவது சுலபமானது. அரிசி மூட்டையைத் தாண்டிப் போகிறேன், கை போகவில்லை என்பதை அம்மாதான் முதலில் கவனித்தாள். தேறுவதையும் நான் சந்தேகப்பட்டேன். மாத்திரையா, பகல் ஷிஃப்ட் தொடர்ந்து கிடைத்ததா, இல்லை நம்பிக்கையா? ரத்தத்தை மறுபடி சோதித்தார்கள். ஏறியிருந்தது. அதற்கு மேல் அந்தத் தாளோடு வாதம் செய்ய முடியவில்லை.

ஒரு நாள் லைன் லீடர் ஒரு டிரே நிறையக் கட்டுகளைக் கொண்டுவந்து, "சும்மா பாரு" என்றார். சும்மாவாம். வேண்டுமென்றே கெட்டதைக் கலந்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. விரலை மெதுவாக வைத்தேன். கிளிப்பைக் கண் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தேன். கெட்டதை எல்லாம் தனியே எடுத்து வைத்தேன். நல்ல கட்டு ஒன்றையும் சந்தேகத்தில் ஒதுக்கிவிட்டேன்.

"அது நல்லதும்மா" என்றார். "பரவால்ல, திங்கக்கெழமலேர்ந்து டேபிளுக்கு வந்துடு. டிரெய்னர் விஷயம் இன்னும் மேலதான் கீது. உங்க ரெண்டு பேரையும்தான் பாத்துக்கினு கீறாங்க."

அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஏனென்றால், அடுப்பை மறக்காமல் மூடுகிறேன், ஸ்கூட்டியில் வந்த வழி ஞாபகம் இருக்கிறது, ஆனால் புத்தகத்தின் பக்கம் மட்டும் இன்னும் நழுவுகிறது. பள்ளிக்காலத்து அலைச்சல் அப்படியேதான் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு என் கைப்பையில் இருந்தது. அங்கே போனால் செய்தி கம்பெனி வரைக்கும் வராதா? வந்தால், பைத்தியத்தையா டிரெய்னர் போடுவது என்பார்களா? இரண்டு நாள் அந்தச் சீட்டைத் தொடவே இல்லை. தொடாமல் விட்டால் மறுபடி ஓர் அடுப்பு வரைக்கும் போக வேண்டியிருக்குமோ என்றும் இருந்தது.

மேசைக்குத் திரும்புவதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை லைன் லீடரிடம் அரை நாள் லீவு கேட்டேன்.

"எதுக்கு?"

"காஞ்சிபுரத்துல மனநல டாக்டரப் பாக்கணும் சார்."

அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பழையசீவரத்துக்காரி என் மேசையில் விரல் நீட்டி ஓகே சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பேனாவை எடுத்து, குரலை இறக்கி, "சொந்தக்காரங்க வூட்ல காதுகுத்துன்னு போட்டுக்கறேன். மேல கேள்வி கேக்கமாட்டாங்க" என்றார்.

நல்லதுக்குத்தான் சொல்கிறாரா, நாளைக்கு என்னை மடக்க ஒரு பிடி வேண்டும் என்று சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

"வேணாம் சார். ஆஸ்பத்திரின்னே போடுங்க."