தலையாட்டாதவருக்கு முப்பத்தெட்டு நொடி

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்த எம்.எல்.ஏ., அதே நேரத்தில் சட்டப்பேரவையில் உட்கார்ந்து தலையாட்டினாராம். தையல்கடைக்காரி சொன்னதாக நாத்தனார் வந்து சொன்னாள். தையல்கடைக்காரிக்கு அவள் மச்சான் சொன்னானாம். மச்சானுக்குச் சொன்னது யார் என்பது நாத்தனாருக்கே தெரியாது.

"உங்க டிவியிலதான் அண்ணி. மைதானத்த கம்பெனிக்குக் குடுக்கிற மசோதா இல்ல, அதுக்கு சரி சரின்னு ஆட்டினாராம். முப்பது வருஷமா கூடாது கூடாதுன்னு நின்ன மனுஷன். கடைசி காலத்துல கை நீட்டிட்டுப் போய்ட்டாருன்னு அவரு ஊர்லயே பேசுறாங்களாம்."

"ஆஸ்பத்திரியில பாதி, சபையில பாதியா இருந்திருப்பாரு," என்றார் கணவர், காலுறையின் ஜோடியைத் தேடியபடி. கணக்கு வாத்தியார். "எந்தப் பக்கம் வருகை போடுறது?"

அண்ணிக்காரி சிரிக்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தாள். அந்தத் தலையை அங்கே கொண்டுபோய் வைத்தவள் அவள்தான்.

அரசுத் தொலைக்காட்சியின் பிராந்திய நிலையத்தில் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள் அவள். ஒருநாள் எடிட்டருக்கு மஞ்சள்காமாலை வந்தது. "நீதான் வேகமா தட்டுறியே, இதையும் தட்டு" என்று அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. நிலையத்தில் அவளுக்குப் பெயர் கத்தரி. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வரும் வாராந்தர நிகழ்ச்சி அவள் கையில்தான் உருவாகும். மொத்தம் இருபத்தெட்டு நிமிஷம்; முதல் பாதி அந்த வாரத்து அரசியல், மறுபாதி உள்ளூர்ப் பாட்டும் நாடகமும். உப்புச்சப்பில்லாத டிவி என்று ஊரே கேலி பேசும். ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் அதே ஊர், "அந்த டிவியில என்ன சொன்னாங்க?" என்று கேட்கும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள்.

அமைச்சர் இருபது நிமிஷம் பேசுவார். அதில் ஒரு நிமிஷம்தான் தேறும். நடுவில் வெட்டி ஒட்டினால் அவர் தலை துள்ளும். அந்தத் துள்ளலை மறைக்க, கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு முகத்தை இரண்டு நொடி மேலே போர்த்துவார்கள். அன்றைய முகம்தான் போர்த்தவேண்டும் என்பது நிலையத்து வழக்கம். ஆனாலும் ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கணினியில் 'தலைகள்' என்றொரு கோப்புறை வைத்திருந்தாள். கன்னத்தில் கைவைத்த தலை, கண்ணாடி துடைக்கும் தலை, கொட்டாவியை விழுங்கும் தலை. மசோதா வந்த அன்று இரண்டாவது கேமராவின் பேட்டரி செத்துவிட்டது. உறுப்பினர்கள் முகம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவள் கோப்புறைக்குள் கைவிட்டாள். அழகாகத் தலையாட்டும் ஒரு முகம் வந்தது; யாருடையது என்று யோசிக்காமல் ஒட்டினாள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததை வீட்டார் வெளியே சொல்லியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒளிபரப்பு. ஞாயிற்றுக்கிழமை அவர் போய்விட்டார்.

நிலையத்துக்கு வந்ததும் அந்தத் துண்டைத் தேடி எடுத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன், பெண் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டுவதைப் பற்றி யாரோ பேச, அதற்கு அவர் ஆட்டிய தலை. அவள் அதை மைதானத்துக்கு விற்றிருந்தாள்.

நிலைய இயக்குநர் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"விடும்மா. நம்ம நிகழ்ச்சிய பாக்கிறதே நாலு பேரு."

"அந்த நாலு பேரும் அவரு ஊர்க்காரங்க சார்."

"தலைமையகத்துக்குக் குறிப்பு எழுது. ரெண்டு வாரத்துல பதில் வரும். ஆளே போய்ட்டாரு, இனி யாரு வந்து கேக்கப் போறா?"

"அவரால கேக்க முடியாதுன்னுதான் நான் கேக்குறேன்."

"வேலைக்கே உலை வெச்சுக்காத. உன் பையன் காலேஜ் முடிக்கணும்."

"அவன் முடிப்பான் சார். ஒரு நிமிஷத்துக்கு உள்பட்ட திருத்தம் எடிட்டர் கையெழுத்துலயே போகலாம். விதியில இருக்கு."

"அது பேருல எழுத்துப்பிழை வந்தா போடுறதுக்குன்னு வெச்சது."

"அவரு பேருலதான் பிழை வந்திருக்கு."

இயக்குநர் கண்ணாடியை மாட்டி, முன்னால் கிடந்த காகிதத்தைப் படிக்கத் தொடங்கினார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுத்தில் தடுக்காதவரை கதவு திறந்துதான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

இடம் எங்கே? கட்சிக்காரர்களின் நொடிகள் எண்ணி வைத்தவை. ஒன்று குறைந்தாலும் கடிதம் வரும். மறுபாதியில் பேருந்துப் பணிமனை ஓட்டுநர்களின் பாட்டுக்குழு. ஆறு மாதமாகக் காத்திருந்தவர்கள், ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து பாடியவர்கள். அவர்களைத் தொட மனம் வரவில்லை. மிஞ்சியது நிகழ்ச்சியின் முகப்பு இசை, முப்பத்தெட்டு நொடி. பத்து வருஷத்துக்கு முன் அவளே ராப்பகலாக உட்கார்ந்து செய்தது. அதைத் தூக்கினாள்.

படிக்க ஆள் வேண்டும். செய்தி வாசிப்பவர் தாளைப் பார்த்துவிட்டு, நெருப்பைத் தொட்டதுபோலத் திருப்பிக் கொடுத்தார். "எனக்குத் தொண்டை சரியில்ல கத்தரி."

"காலையில நல்லாத்தான இருந்திச்சு?"

"இத படிச்சதும் கட்டிக்கிச்சு."

அவளே ஒலிப்பதிவு அறைக்குள் போனாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மைக்கின் முன் உட்கார்ந்ததில்லை. முதல் தடவை நாற்பத்தைந்து நொடி வந்தது. 'வருந்துகிறோம்' என்பதை மூன்று இடத்தில் எழுதியிருந்தாள், இரண்டை அடித்தாள். 'தவறுதலாக நேர்ந்தது' என்பதையும் அடித்து, 'நான் சேர்த்தேன்' என்று எழுதினாள். முப்பத்தெட்டில் வந்து நின்றது.

ஐந்தரைக்குத்தான் அந்த அம்மா நினைவு வந்தது, எம்.எல்.ஏ.வின் மனைவி. ஊரோடு சேர்ந்து அவரும் டிவியில் கேட்பதா? முதலில் தன் வாயால் சொல்லவேண்டும். இறுதி ஊர்வலம் எடுக்கப் போன கேமராமேனிடம் எண் கேட்டாள்.

"திட்டுவாங்க அக்கா."

"திட்டட்டும். குடு."

முதல் தடவை போன் முழுக்க அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. துக்க வீடு, யார் யாரோ அழைத்துக்கொண்டிருப்பார்கள், தெரியாத எண்ணை எடுக்கமாட்டார்கள் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வேண்டாம் என்று வைத்துவிடக் கை கூசியது. ஆறு அடிக்கப் பத்து நொடி இருக்கும்போது மூன்றாவது தடவை அழுத்தி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒளிபரப்புத் தாளில் திருத்தம் என்ற கட்டத்தில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திரையில் முகப்பு இசை இல்லாமல் நிகழ்ச்சி தொடங்கியது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. "சென்ற வாரம் இந்த நிகழ்ச்சியில் தலையாட்டியதாகக் காட்டப்பட்ட உறுப்பினர் அன்று சபையிலேயே இல்லை," என்றது அவள் குரல், அவளுக்கே அந்நியமாக. "மைதான மசோதாவுக்கு அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை. அந்தக் காட்சியை நான் சேர்த்தேன்."

அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காதில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது.